சாவிக்குள் பிரவுன் டேப்

என் தம்பியைப் பற்றிச் சொல்வதென்றால் பிரவுன் டேப்பில்தான் ஆரம்பிக்க வேண்டும். பார்சல் பெட்டிகளை ஒட்டுவார்களே, இழுக்கும்போது தூங்குகிறவர்களை எல்லாம் எழுப்பிவிடுமே, அந்த டேப். அவன் வீட்டில் டிவி ரிமோட்டின் மூடி, குளியலறைக் கண்ணாடியின் ஓரம், குடைக் கைப்பிடி எல்லாமே அந்த டேப்பில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை என் கைப்பையின் வார் அறுந்ததற்கும் அதையே சுற்றிக் கொடுத்தான். "புதுசு வாங்கித் தொலையேண்டா" என்று கத்தினால், "இது நல்லாத்தானே இருக்கு அக்கா" என்பான். கோபமே வராத ஜென்மம். வீட்டுக்கென்று வைத்திருந்த கோபத்தை எல்லாம் பெரியவளே வாரி எடுத்துக்கொண்டாள் என்று அம்மா என்னைச் சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கக் கத்தினால்தான் சோறு. அவன் பார்சல் ஆபீஸில் கவுண்டர் கிளார்க். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே கவுண்டர், அதே ஸ்டூல். வருகிற பொட்டலத்தை வாங்கித் தராசில் வைப்பான், எண்ணைப் பார்ப்பான், சீட்டு ஒட்டிப் பின்னால் தள்ளுவான். அங்கே அவனுக்குப் பெயரே தராசுதான். "தராசு இருக்காரா?" என்றுதான் ஃபோன் வரும். கையில் வாங்கும்போதே எடை அவனுக்கு உத்தேசமாகத் தெரிந்துவிடும். ஆனால் எண் வராமல் வாயைத் திறக்க மாட்டான். ஏன் என்று கேட்டேன். "கையை நம்பக் கூடாதுக்கா. கைக்கு ஆசை இருக்கும்" என்றான். பொட்டலத்தைக் கொண்டுவந்தவர் நல்லவராக இருந்தால் கைக்கு அது லேசாகத் தெரியுமாம். இப்படியும் ஒருவன் யோசிப்பானா என்று அன்றைக்கு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கல்யாணம் தாமதம். குழந்தை அதைவிடத் தாமதம். பல வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். பஸ்ஸில் ஏறி இறங்கி அவன் மனைவி படுகிற பாட்டைப் பார்த்துத்தான் ஒரு பழைய கார் வாங்கினான். பழசுதான் என்றாலும் அதில் சாவி போடுகிற வேலை இல்லை. சாவி சட்டைப்பையில் கிடந்தால் போதும். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒரு பட்டனை அமுக்கினால் வண்டி கிளம்பும். எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சாவியைப் போட்டுத் திருகாமல் கிளம்புகிற வண்டியை எப்படி நம்புவது? "நீ பத்து டன் பஸ்ஸுல தொங்கிட்டுப் போறவ, இதுக்குப் பயப்படறியா?" என்றான். அவன் என்னைக் கேலி செய்வதே அபூர்வம் என்பதால் விட்டுக்கொடுத்தேன்.

குழந்தை மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டது. பெண். உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போலிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வயரும் குழாயுமாகக் கிடந்தாள். தம்பி மனைவி தினமும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டு, சாயங்காலம் வெறும் கையோடு வீட்டுக்கு வருவாள். அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கே தைரியம் வராது. கடைசியில் ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த தடவை வரும்போது ரெண்டு கிலோ நூறாவது இருக்கணும். இல்லன்னா மறுபடி இங்க சேர்த்து, குழாய் வழியாத்தான் பால் கொடுக்கணும்." வெளியே வந்ததும் தம்பி மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, இன்னொரு தடவை இவளை அங்க விட்டுட்டு என்னால வர முடியாது" என்றாள். நான் லீவு போட்டுவிட்டு அவர்களோடு வந்து தங்கினேன்.

வீட்டில் எடை பார்க்காதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். யாரிடம் சொல்கிறார்! இவன் மறுநாளே ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு சின்னத் தராசைக் கேட்டு வாங்கிவந்துவிட்டான். கடிதமும் சிறு பொட்டலமும் நிறுக்கிற தராசு, பொத்தான் மாதிரி ஒரு வட்ட பேட்டரியில் ஓடுவது. அந்த பேட்டரி உள்ளே ஆடுகிறது என்று பேட்டரியின் முதுகிலேயே பிரவுன் டேப்பை மடித்து ஒட்டி இறுக்கினான். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, துண்டு விரித்து, தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்துப் பிள்ளையை அதில் கிடத்துவான். பால் குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, குடித்த பின்னால் ஒரு தடவை. "பொட்டலம், அசையாம இரும்மா" என்பான். பெற்ற பிள்ளையைப் பொட்டலம் என்கிறானே என்று நான் திட்டினால், "என் வாழ்க்கையிலேயே எனக்குன்னு வந்த பொட்டலம் இது ஒண்ணுதானேக்கா, மத்ததெல்லாம் ஊராருது" என்றான். அதற்கு மேல் என்ன திட்டுவது?

ஆனால் எண் ஏறவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் ஏறியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஒருநாள் இறங்கக்கூடச் செய்தது. பிள்ளை நன்றாகத்தான் குடித்தாள், தூங்கினாள், அழுதால் தெருமுனைக்குக் கேட்டது. என் குரல் என்று எல்லோரும் சொன்னார்கள். எண் மட்டும் இரண்டு கிலோவைத் தொட மாட்டேன் என்றது.

அந்த எண் அவளை என்ன பாடுபடுத்தியது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தம்பி வாயைத் திறந்து ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எண்ணைப் பார்ப்பான், பிள்ளையைத் தூக்கி அவளிடம் கொடுப்பான், தொட்டியைக் கழுவி வைப்பான். ஆனால் அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். நான் குழாயை மூடினேன். "எங்கிட்ட பால் இல்ல அண்ணி" என்றாள். "பிள்ளை வாயை வெச்சு வெச்சு ஏமாறுது. எனக்கு அது தெரியலையே." அதெல்லாம் இல்லை, அசட்டுத்தனமாகப் பேசாதே என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. காலையில் நான் எழுந்தபோது தம்பி ஏற்கெனவே கிளம்பித் தயாராக இருந்தான். பைகளையெல்லாம் கீழே காரில் கொண்டுபோய் வைத்துவிட்டானாம். என்னவோ ஒரு மாதிரி இருந்தான். டீயை எடுத்தான், குடிக்காமல் வைத்தான். ஜன்னலுக்குப் போனான், வந்தான். பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மேஜையில் தராசைக் காணவில்லை. போய்த் தொலைந்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மாற்றுத் துணி இன்னொரு செட் வேண்டாமா என்று கேட்டேன். "எடுத்து வெச்சுட்டேன் அண்ணி. திரும்ப வர விடாட்டி அவளுக்கு வேணுமே" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கீழே வந்தோம். தம்பி கார்க் கைப்பிடியைத் தொட்டான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை தொட்டான். சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அதன் பட்டனை அமுக்கினான். கார் கல்லாக நின்றது.

"என்னடா?"

"சாவில பேட்டரி போயிடுச்சு போலிருக்கு."

"போன மாசம்தானேடா புதுசு போட்டே? எங்கிட்டயே காட்டினியே!"

அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டாள். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. என் டிப்போ மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். என்னோடு பேசிப் பேசியே பொறுமைசாலி ஆகிவிட்ட மனுஷன்.

"நம்ம பஸ் எதாவது நின்னுடுச்சாக்கா?" என்றான்.

"பஸ் இல்ல, இது தம்பி கார். சாவி இல்லாம ஓடுற மகராசி இன்னைக்குக் கதவையே திறக்க மாட்டேங்குது. சாவில பேட்டரி செத்துப்போச்சு."

"அவ்வளவுதானே. அந்தச் சாவி ஓரத்துல சின்னதா ஒரு பட்டன் இருக்கும் பாருங்க. அதை அமுக்கிட்டு இழுத்தா உள்ளயிருந்து ஒரு இரும்புச் சாவி வரும்."

"கதவுல சாவி போட ஓட்டையே இல்லையே?"

"இருக்கும். டிரைவர் பக்கத்துக் கைப்பிடி ஓரமா ஒரு மூடி போட்டு மறைச்சிருப்பான், அதை நெம்புங்க. திறந்ததும் வண்டி ஊளை போடும். பயந்துடாதீங்க, உங்க அளவுக்குக் கத்தாது."

"மூடுடா வாயை. மேல சொல்லு."

"தம்பியை உள்ள உக்காந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. சாவியை அந்த ஸ்டார்ட் பட்டன் மேலயே ஒட்ட வெச்சு அமுக்கணும். சாவிக்குள்ள ஒரு சிப்பு இருக்கு, அதுக்கு பேட்டரி தேவையில்ல. வண்டி அதைக் கண்டுபிடிச்சுக்கும்."

சாவியைத் தம்பி கையிலிருந்து பிடுங்கினேன். ஓரத்துப் பட்டனை அமுக்கி இழுத்தேன். நான் இழுத்த இழுப்பில் இரும்புச் சாவியும் வந்தது, சாவியின் முதுகுமூடியும் தெறித்தது, உள்ளேயிருந்த பேட்டரியும் தரையில் விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தேன். அதன் முதுகில் மடித்து ஒட்டிய பிரவுன் டேப்.

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. இந்த டேப்பை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில், என் கண் முன்னால், இவன் மடித்து ஒட்டியது.

"டேய், இது தராசோட பேட்டரி ஆச்சே. சாவிக்குள்ள எப்படிடா வந்துச்சு?"

"நான்தான் மாத்திப் போட்டேன்" என்றான். "விடியக்காலைல."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இன்றைக்குப் போய், இந்த நாளைக்குப் போய், சாவிப் பேட்டரியைப் பிடுங்கித் தராசில் போடுவானா ஒரு மனுஷன்? எடைப் பைத்தியம் தலைக்கேறிவிட்டதா? பச்சைப் பிள்ளையோடு அவள் வெயிலில் நிற்கிறாளே, கண் தெரியவில்லையா? நான் பஸ்ஸில்கூட அப்படிக் கத்தியதில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் துணியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார். அவனோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சிரித்தான். சிரிப்பு என்றால் வெறும் சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த பேட்டரி செத்துப்போச்சு இல்ல?"

"அதைத்தானேடா இவ்வளவு நேரமா கத்திட்டிருக்கேன்!"

"நிஜமாவே செத்துப்போச்சு. பையை வைக்கும்போது ஒரு தடவை திறந்துச்சு, இப்ப அதுவும் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "விடியக்காலைல பாப்பாவை நிறுத்தேன். நேத்தைவிடக் குறைச்சலாக் காட்டுச்சு. ஆனா தூக்கும்போது கைக்குக் கனமா இருந்தா. என்னன்னே தெரியல, ஒருவேளை தராசுல பேட்டரி தீர்ந்துபோயிருக்குமோன்னு தோணிச்சு. சாவிலதான் புதுசு இருக்கு. ரெண்டும் ஒரே சைஸ்தான், மாத்திப் போட்டுப் பார்த்தேன்."

"பார்த்து?"

அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். "ரெண்டு கிலோ நூத்தி நாப்பது காட்டுச்சு."

அவள் அசையவில்லை.

"அதை ஏண்டா அப்பவே சொல்லல?"

"எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுவே ஆபீஸுல கழிச்சுப்போட்ட தராசு. புது பேட்டரி போட்டதும் கூட்டிக் காட்டுதோ என்னவோ. நான் சொல்லி, அங்க போய் இல்லைன்னு ஆயிட்டா, இவ தாங்குவாளா? அதான் தராசையும் பைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வரேன். அங்க அவங்க தராசுலயும் பார்த்துட்டுச் சொல்லலாம்னு."

"ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வெச்சுப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமேடா, தராசு!"

"தெரிஞ்சிருக்கும்" என்றான் மெல்ல. "சர்க்கரையும் கூடுதலாக் காட்டிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சுக்கா. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் வெச்சுக்கலாம்னு பார்த்தேன்."

நான் கையிலிருந்த பேட்டரியைப் பார்த்தேன். இத்தனை நாள் அந்த மேஜையில் பிள்ளையை நிறுத்தது இது. கார்க் கதவைக்கூடத் திறக்க வக்கில்லாத இதுவா அவள் பாலை அளந்தது? என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளிடம் திரும்பி, "கேட்டியாம்மா?" என்றேன். அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அங்க போய்ப் பார்க்கலாம் அண்ணி" என்றாள். நம்பமாட்டாள். நம்பி நம்பி அடிபட்டவள்.

மூடியை நெம்பி இரும்புச் சாவியைப் போட்டுத் திருகினேன். கதவைத் திறந்ததும் கார் ஊளையிட ஆரம்பித்தது. அந்த ஊளையில் பிள்ளை கண்ணைத் திறந்து, போட்டிக்குத் தானும் ஆரம்பித்தாள். தம்பி உள்ளே தாவி உட்கார்ந்தான். பேட்டரி இல்லாத சாவியைப் பட்டன் மேல் ஒட்டவைத்து அமுக்கினான். முதல் தடவை ஒன்றுமில்லை. "பிரேக்கை மிதிடா!" என்று கத்தினேன். மிதித்துக்கொண்டு அமுக்கினான். ஊளை நின்றது, எஞ்சின் ஓடியது. வேண்டுமானால் அங்கேயே தராசிலிருந்து நல்ல பேட்டரியை எடுத்துச் சாவியில் போட்டிருக்கலாம். "வேணாம்க்கா, அது தராசுலயே இருக்கட்டும், ஆஸ்பத்திரி போற வரைக்கும்" என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

வழியெல்லாம் அவனுக்கு வண்டியை நிறுத்தவே பயம், அணைந்தால் மறுபடி கிளம்புமோ என்று. சிக்னலில் நின்றபோதெல்லாம் ஸ்டீயரிங்கைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையின் துணியை அவிழ்த்து அங்கிருந்த பெரிய தராசில் கிடத்தினாள். வாழ்க்கை முழுக்கத் தராசைப் பார்த்தே சம்பளம் வாங்கிய என் தம்பி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவளோ தலையைக் குனிந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்ளப் போனாள். "காலைத் தொடாதீங்கம்மா" என்றாள் நர்ஸ். கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பார்க்கிற துணிச்சல் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் இருந்தது. எண் ஓடி, நடுங்கி, நின்றது.

"ரெண்டு கிலோ நூத்தி முப்பது!" என்றேன். நிறுத்தம் சொல்கிற குரலில்தான் வந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். நல்லா ஏறியிருக்கு, சேர்க்க வேண்டாம், இப்படியே பால் கொடுத்துட்டு வாங்க என்றார். வீட்டில் எடை பார்த்தீர்களா என்று கேட்டார். நாங்கள் மூவரும் ஒரே குரலில் இல்லை என்றோம். தம்பி அந்தப் பையை நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளினான்.

கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும், அவன் பையிலிருந்து தராசை எடுத்தான். அடியைத் திறந்து, நகத்தால் நெம்பி, அந்த நல்ல பேட்டரியை எடுத்துச் சாவியில் போட்டு மூடினான். கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறந்தது. தராசைக் காலியாகவே டிக்கியில் தூக்கிப் போட்டான். பிறகு பிள்ளையை அவளிடமிருந்து வாங்கி, இரண்டு கையிலும் ஏந்தி, கொஞ்சம் உயர்த்திப் பார்த்தான்.

"எவ்வளவுடா?" என்றேன்.

"நிறைய" என்றான்.

கார் கிளம்பியதும் பிள்ளை சிணுங்கினாள். அவள் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். பிள்ளை குடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. கொஞ்ச தூரம் போனபிறகு, அவள் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்:

"அண்ணி, அப்பல்லாம்கூட எங்கிட்ட இருந்துச்சு, இல்ல?"

முன்சீட்டில் அவன் கை ஸ்டீயரிங்கில் அப்படியே நின்றது. நாள் முழுக்கக் கத்துகிற நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இருந்துச்சும்மா" என்றேன். "எப்பவும் இருந்துச்சு. பேட்டரிலதான் இல்ல."

அவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். நான் அதட்டவில்லை. பிள்ளை பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தாள்.